பெரிய எழுத்தில் வந்த ஞாயிறு

அத்தியாயம் 9

செத்துப்போன ஒருவன் ஒரே நாளில் முப்பது தடவை "சாப்டீங்களா உம்மா?" என்று கேட்டால், அதைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்குச் சோறு எப்படி இறங்கும்?

ஹஸீனாவுக்கு இரண்டு மாதமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. தான் எழுதிய கணினி நிரலை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் முதல் வரியாக அண்ணன் ரமீஸ் நானாவின் அந்தக் கேள்வி திரையில் வந்து நிற்கும். ஆரம்பத்தில் அவன் திக்கித் திக்கிக் கேட்டான். எழுத்துகள் இடம் மாறி, குழறலாக, மயக்க மருந்து தெளியாதவன் மாதிரி. போகப் போகப் பேச்சு தெளிந்தது. கடந்த வாரம் ஒரு நாள் அது அவன் குரலாகவே ஆகிவிட்டது. அன்று அவள் மடிக்கணினியை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள்.

வாராவாரம் வாசிப்பவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை.

உம்மா ஜைனபுக்குச் சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட் மாடியில் தையல் கடை. கணவர் ஹனீபா இறந்து பத்து வருடமாகிறது. மூத்தவன் ரமீஸ், கிராஞ்சியில் ஒரு தொழிலாளர் விடுதியில் மேற்பார்வையாளனாக இருந்தான். இளையவள் ஹஸீனா, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ரமீஸ், சிவானி என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு உட்லண்ட்ஸில் தனிக்குடித்தனம் போனான். என் வாசப்படி ஏறாதே என்று ஜைனப் சொல்லிவிட்டாள். இரண்டு வருடம் அவன் ஏறவில்லை. அப்புறம் ஒரு மழை நாளில் கிராஞ்சி சாலையில் அவனுடைய மோட்டார் சைக்கிள் சறுக்கியது. அதற்கு ஒரு வருடம் ஆகப்போகிறது. நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவனுக்காக ஓதி நினைவுகூரும் வருஷ பாத்திஹா.

அந்த இரண்டு வருடமும் அவன் உம்மாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தான். அழைத்தால் உம்மா எடுக்க மாட்டாள். ஒரே ஒரு முறை குரல் பதிவு அனுப்பினான். முதல் சொல்லைக் கேட்டதுமே உம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். குரலைக் கேட்டால் இளகிவிடுவோம் என்ற பயம். ஆனால் எழுத்தாக வந்ததை வேண்டாம் என்று சொன்னதில்லை. ரமீஸ் பள்ளிக்கூடத்தோடு தமிழ் எழுத்தை விட்டவன். தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவான். உம்மாவுக்கோ தமிழ் எழுத்து மட்டும்தான் சரளம். ஆகவே தினமும் கடையை மூடி வந்ததும் போனை மகளிடம் நீட்டுவாள். "என்னவாம் அவனுக்கு?" என்பாள், ஏதோ மின்சாரக் கட்டணத்தைப் பற்றிக் கேட்பது போல.

ஹஸீனா வாசிப்பாள். உம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்பாள்.

இரண்டு மாதம் முன்பு உம்மா அந்த யோசனையைச் சொன்னாள். பாத்திஹா அன்றைக்கு அவன் எழுதியது எல்லாம் தமிழில் தன் கையில் இருக்க வேண்டும். யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, தானே வாசித்துக்கொள்வாள். ஹஸீனா இணையத்தில் கிடைத்த ஒரு எழுத்து மாற்றியில் போட்டுப் பார்த்தாள். அதில் ரமீஸ் செய்தி அறிவிப்பாளர் மாதிரி பேசினான். அதனால்தான் அவளே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தாள். அவன் எந்தச் சொல்லை எப்படித் தட்டுவான் என்று அவளுக்குத் தெரிந்த அளவு வேறு எந்த நிரலுக்கும் தெரியாது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஹஸீனா எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை.

ஒன்றே ஒன்று. நானூற்றுப் பன்னிரண்டு செய்திகளில் ஒன்று. அவன் கடைசியாக அனுப்பியது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்குச் சிவானியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுதியிருந்தான். அதே ஞாயிறு, அதே நாலு மணிக்கு ஜொகூரிலிருந்து ஹஸீனாவைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. வந்தவர்கள் முன்னால் உம்மாவும் நானாவும் வாசலில் நின்று கத்திக்கொள்வதை அவள் ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள். நினைத்த மாத்திரத்தில் வாயில் வந்தது இதுதான்: ஞாயித்துக்கிழமை டியூட்டியாம் உம்மா.

அடுத்த வாரம் நானாவிடம் விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அடுத்த வாரம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்கடுத்த வாரம் மழை.

அந்தச் சம்பந்தமும் அமையவில்லை. அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை மதியம், அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், ஹஸீனா நிரலில் கடைசியாக ஒரு வரி சேர்த்தாள். போனிலிருந்து அந்தச் செய்தியை அப்படியே நகலெடுத்து ஒட்டி, இது வந்தால் விட்டுவிடு என்று எழுதினாள். ஒரு நிமிட வேலை. நிரலை ஓட்டினாள். நாற்பத்தாறு பக்கம் வந்தது. திறந்து பார்க்கத் தைரியமில்லாமல் அப்படியே தேக்கா பக்கத்தில் அச்சுக் கடை வைத்திருக்கும் அண்ணாதுரைக்கு அனுப்பினாள். சாயந்திரம் தானே போய் வாங்கிக்கொள்வதாக உம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள்.

ஐந்தரைக்குக் கிளம்பி ரயில் ஏறினாள். பொட்டானிக் கார்டன்ஸில் ரயில் மாறும்போது, சும்மா இருக்கும் கை போனைத் தேடுமே, அந்த மாதிரித் தேடி, நிரல் விட்டுச் சென்ற குறிப்பைத் திறந்தாள்.

உள்ளே போனவை: 412. வெளியே வந்தவை: 412. விடப்பட்டவை: 0.

படியில் நின்றபடியே அதை இரண்டு தடவை வாசித்தாள். பின்னால் வந்தவர் அவள் மேல் இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுப் போனார்.

காரணம் உடனே புரிந்துவிட்டது. படித்த படிப்பு அதற்குத்தானே. அந்தச் செய்தியை ரமீஸ் முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில், கேப்பிட்டலில், தட்டியிருந்தான். அவள் ஒட்டிய நகலும் பெரிய எழுத்தில்தான் இருந்தது. ஆனால் நிரல் செய்கிற முதல் காரியமே எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குவது. பெரியதும் சின்னதும் கலந்து கிடந்தால் குழப்பம் என்று அவளே முதல் நாள் எழுதிய வரி அது. செய்தி சின்ன எழுத்தாகி வந்தது, தடுப்பு பெரிய எழுத்தில் காத்திருந்தது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே பேச்சு. கணினிக்கு இரண்டும் ஒன்றையொன்று பார்த்தே இராத அந்நியர்கள். ரமீஸ் தடுப்பைத் தாண்டி உள்ளே நடந்து போயிருந்தான்.

வேலையிடத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

அண்ணாதுரையை அழைத்தாள். அவர் உற்சாகமாக இருந்தார். ஜைனபம்மா நாலரைக்கே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். கம்பிச் சுருள் போடவா என்று கேட்டதற்கு, ஓதுகிற அரபுக் கிதாப் மாதிரி ஒட்டி அட்டை போட்டுத் தரச் சொன்னாராம்.

"சரியா வந்திருக்கான்னு ரெண்டு பக்கம் கண்ணை ஓட்டினேன் லா, தப்பா நெனைக்காதீங்க," என்றார். பிறகு குரலைத் தணித்தார். "கடைக்குள்ள தம்பி வந்து நின்ன மாதிரி இருந்துச்சும்மா."

தேக்கா மாடியில் உம்மாவின் கடை மூடியிருந்தது. பக்கத்துக் கடை சிவகாமசுந்தரி, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே குறைப்பட்டுக்கொண்டாள். இருபது வருஷப் பழக்கம், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பிறையைப் பார்க்கிற மாதிரி அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு உன் அம்மா நடக்கிறாள், படியில் விழாமல் போனாளோ என்னவோ, போய்ப் பாரடி. ஹஸீனா தலையை ஆட்டிவிட்டு ஓடினாள்.

வீடு மார்க்கெட்டுக்குப் பின்னாலேயே, ஆறாவது மாடி. லிஃப்டில் ஏறும்போது ஒரு கணக்குப் போட்டாள். நாற்பத்தாறு பக்கம். உம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இப்போது பத்துப் பக்கம் தாண்டியிருந்தால் அதிகம். கடைசிப் பக்கத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஏதாவது சொல்லி வாங்கிவிடலாம். அச்சுப் பிழை, திருத்தித் தருகிறேன் என்று.

கதவு திறந்தே கிடந்தது.

உம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தைக்கும்போது போடும் கண்ணாடி மூக்கில் இருந்தது. விரல் வரியின் மேல் ஊர்ந்தது. வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். "இங்கே நல்ல மழை. மாத்திரை போட்டீங்களா." ரமீஸ் பேசுகிற மாதிரியே கடைசிச் சொல்லை இழுத்தாள். அதை அவள் தெரிந்து செய்யவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் யாரோ உட்கார்ந்து பதில் சொல்லக் காத்திருப்பது போல ஒரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது.

புத்தகத்தின் கனம் முழுக்க இடது பக்கம் கிடந்தது. வலது பக்கம் அட்டை மட்டும்.

"அரபுக் கிதாப் ஞாபகத்துல பின் அட்டைப் பக்கமாத் திறந்துட்டேன் புள்ள," என்றாள் உம்மா, தலை நிமிராமல். "கடைசிதான் முதல்ல வந்துச்சு."

ஹஸீனா பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

உம்மா அந்தப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"உம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். சிவானியும் வர்றா. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. ஒண்ணுமே சொல்லலைன்னா வேணாம்னுதான் எடுத்துக்குவேன்."

பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது எந்த ஞாயித்துக்கிழமை?"

ஹஸீனாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நிரல் சில நேரம் தானாக எதையாவது சேர்த்துவிடும் உம்மா, அது பிழை. உம்மா நம்பிவிடுவாள். கணினி பற்றி மகள் எதைச் சொன்னாலும் நம்புகிறவள். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்களே," என்றாள். "அந்த ஞாயித்துக்கிழமை."

"அன்னைக்கு அவனுக்கு டியூட்டின்னு சொன்னே."

"ஆமா."

"அவன் சொன்னானா, நீ சொன்னியா?"

"நான்தான் உம்மா."

உம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் ஹஸீனாவுக்கு எவ்வளவோ தேவலை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். ஒரு பக்கம், மறுபக்கம், திரும்ப முதல் பக்கம். அவன் அனுப்பிய செய்தியை ஹஸீனா திறந்த நொடியில் அவனுடைய போனில் இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும். உம்மா பார்த்துவிட்டார்கள் என்று அவன் நினைத்திருப்பான். பார்த்துவிட்டும் ஒன்றும் சொல்லவில்லை என்று. இது உம்மாவுக்குத் தெரியாது. ஹஸீனா அதையும் சொன்னாள். சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. ஜொகூர்க்காரர்கள், வாசலில் சண்டை வரும் என்ற பயம், தள்ளிப்போட்ட வாரங்கள் எல்லாம் வரிசையில்லாமல் வந்தன.

எல்லாம் முடிந்தபின் உம்மா தன் போனை எடுத்து மேசை மேல் வைத்தாள். "அவன் எழுதுனது எப்படி இருக்குன்னு காட்டு," என்றாள். "தமிழ்ல மாத்துனதை இல்ல. அவன் எழுதுனதை."

ஹஸீனா தேடி எடுத்துக் கொடுத்தாள். திரை முழுக்கப் பெரிய எழுத்துகள், சுவர் மாதிரி.

"பெரிய எழுத்துல எழுதினா கத்துறாங்கன்னு அர்த்தம் உம்மா," என்றாள். "ரொம்பக் கோபத்துல எழுதியிருக்கான்னு நெனச்சேன். அப்படியே வந்து நின்னா என்ன ஆகும்னுதான்..."

உம்மா அவளைக் கவனிக்கவில்லை. ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் மேல் வைத்திருந்தாள். துணி அளவு பார்ப்பதுபோல விரல் நகர்ந்தது.

"யூ," என்றாள். "எம். எம். ஏ."

ஹஸீனா உம்மாவின் வாயையே பார்த்தாள்.

"இது நான்தானே?" என்றாள் உம்மா.

"உங்களுக்கு எப்படி உம்மா..."

"பெரிய எழுத்து எனக்குத் தெரியுமே. சட்டைக் காலர்ல என்ன போட்டிருக்கு? ஐசி கார்டுல என் பேரு எதுல இருக்கு? பஸ்ல, மார்க்கெட்டுல, எல்லாம் பெரிய எழுத்துதானே. சின்ன எழுத்துதான் எனக்குப் பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும்." போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். "அவனுக்கு அது தெரியும்."

ஹஸீனா போனைத் தொடாமல் எட்டிப் பார்த்து, மேலே தள்ளச் சொன்னாள். அதற்கு முந்தையதும் பெரிய எழுத்து. அதற்கு முந்தையதும். கடைசி மூன்று மட்டும்தான். அதற்கு முன்னால் இரண்டு வருடமும் சின்ன எழுத்துதான்.

ஆக, அவன் கத்தவில்லை. உம்மாவே வாசிக்கட்டும் என்று எழுதியிருக்கிறான். யாரையும் நடுவில் வைக்காமல்.

ஏன், என்று ஹஸீனா அதற்கு மேல் யோசிக்க விரும்பவில்லை. யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. டியூட்டி என்று சொன்னது ஒரு தடவைதான். ஆனால் உம்மா அழுதுவிடுவாளே என்று எத்தனையோ வரிகளை மென்மையாக்கி வாசித்திருக்கிறாள். உம்மா சொல்லச் சொன்ன பதில்களையும் மென்மையாக்கித்தான் தட்டியிருக்கிறாள். கிராஞ்சி விடுதியில் உட்கார்ந்து அவற்றைப் படித்தவனுக்கு, இது உம்மாவின் பேச்சில்லை என்று தெரிந்திருக்காதா?

எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கு என்று நிரலில் எழுதுவது ஒரு வரி. ஆக்கியபின் எது பெரியதாக இருந்தது என்பதை எந்த வரியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அவன் கடைசியாகச் செய்த ஒரு காரியத்தை அவள் முதல் வேலையாகத் துடைத்துப் போட்டிருந்தாள். துடைக்காவிட்டாலும் தமிழுக்குள் வந்தபின் அது நின்றிருக்காது. தமிழில் பெரிய எழுத்து ஏது?

மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. உம்மா எழுந்து கை கால் முகம் கழுவி ஒழுச் செய்து தொழப் போனாள். ஹஸீனா மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியைப் பார்க்கவில்லை. உள்ளறையில் உம்மா நெற்றியைத் தரையில் வைத்தவள் வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தாள் என்பது பாய் சத்தத்தில் தெரிந்தது.

திரும்பி வந்தவள் போனை எடுத்துக்கொண்டாள்.

"பெரிய எழுத்தா ஆக்கிக் கொடு. வேற எதையும் தொடாதே."

ஹஸீனா ஒரே ஒரு விசையை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"வா-ன்னு எழுதணும். எந்தெந்த எழுத்து?"

"யாருக்கு உம்மா?"

"கேட்டவனுக்கு. ஒருத்தன் கேட்டா பதில் சொல்லணுமில்ல?"

ஹஸீனா எழுத்துகளைச் சொன்னாள். வி. ஏ. ஏ. உம்மா ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடித்து, ஊசி கோர்க்கிற கவனத்தோடு அழுத்தினாள். அனுப்பும் அம்பு எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ரமீஸின் சுவருக்குக் கீழே, ஒரு வருடம் கழித்து, மூன்று எழுத்து போய் நின்றது. VAA.

ஒரு கோடு விழுந்தது. அவ்வளவுதான் விழும் என்று ஹஸீனா நினைத்தாள்.

இரண்டாவது கோடும் விழுந்தது.

பிறகு இரண்டும் நீலமாயின.

உம்மா "யா அல்லாஹ்" என்று மூச்சுக்குள் சொன்னாள். பேருக்கு மேலே, எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் சொல் தோன்றியது. மறைந்தது. திரும்பத் தோன்றியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையைக்கூட இன்னொருத்தி பிடித்துக்கொள்ளவில்லை.

பதில் மூன்று வரியாக வந்தது. எல்லாம் சின்ன எழுத்து.

உம்மா போனை அருகே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. வெகுநேரம் கழித்துப் போனை மேசையின் மேலேயே நகர்த்தி மகளின் முன்னால் தள்ளினாள்.

"வாசி," என்றாள். "உள்ளது உள்ளபடி."

ஹஸீனா வாசித்தாள்.

"அத்தை, நான் சிவானி. ரமீஸ் போன் என்கிட்டதான் இருக்கு, தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். நீங்களா எழுதுனீங்க?"

உம்மா தலையசைத்தாள், சிவானி எதிரில் இருப்பது போல.

"அந்த ஞாயித்துக்கிழமை நீங்க ஒண்ணும் சொல்லலை. இருந்தாலும் நாங்க வந்தோம். உங்க புளோக் கீழே நாலு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் நின்னோம்."

மூன்றாவது வரி ஹஸீனாவின் பேரில் தொடங்கியது.

அவள் கண் அதன் மேல் ஒரு தடவை முழுக்க ஓடி முடித்தது. அன்று ஐந்து மணிக்குத் தூறல் போட்டது ஞாபகம் வந்தது. ஜொகூர்க்காரர்கள் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சமையலறை ஜன்னலுக்குப் போய் மூங்கில் கழியை உள்ளே இழுத்துத் துணி எடுத்தாள். கீழே ஒரு நீலக் குடை இருந்தது. குடை இருந்தது நிச்சயம். குடையின் அடியில் முகம் ஏதும் பார்த்தாளா? இந்த ஒரு வருடத்தில் அவள் அந்த ஜன்னலைப் பற்றி நினைத்ததே இல்லை. ஏன் நினைக்கவில்லை?

இந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக அடுத்தது இல்லை. இதற்குப் பதிலாக வேறொன்றைச் சொல்ல முடியும். அரை நொடியில் நாலு வாக்கியம் வந்து வரிசையில் நின்றன. எல்லாமே நன்றாக இருந்தன.

ஹஸீனா உள்ளது உள்ளபடி வாசித்தாள்.

"ஹஸீனா ஜன்னல்லேர்ந்து எங்களைப் பார்த்தா. ரமீஸ் கையைத் தூக்கிக் காட்டினான். அவ துணியை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா."

போனை உம்மா பக்கம் திருப்பி வைத்தாள். உம்மா அதைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா?" என்றாள்.